ஹேமண்ட்–ஹார்வுட் இல்லம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத் தலைநகர் அனாபொலிஸில் உள்ள செங்கல் மாளிகை. பிரிட்டனை நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலத்தின் (1714–1830) ஜார்ஜியன் பாணிக்குச் சிறந்த சான்று. மத்தையஸ் ஹேமண்ட் என்ற செல்வந்தருக்காக 1774-இல் வில்லியம் பக்லாண்ட் இதை வடிவமைத்தார். நடுவே இரண்டு தள மாளிகை, இருபுறமும் தாழ்வான இணைப்புகள், அவற்றின் முனைகளில் சிறகுக் கட்டடங்கள் என ஐந்து உறுப்புகள் கொண்டது. இந்த அமைப்புக்கு மூலம், இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1570-இல் வெளியிட்ட நூலில் உள்ள வில்லா பிசானியின் வரைபடம். ஆகவே இது புத்தகத்தைப் பார்த்துக் கட்டிய நகல்தானே என்று கேட்கலாம்.

கட்டடம் அதை மறுக்கிறது. பல்லாடியோவின் வில்லாவில் முகப்பை ஆள்பவை ஈரடுக்குத் தூண்கள். அனாபொலிஸில் தெருவை நோக்கிய சுவர் தூணற்ற வெறும் செங்கல். அலங்காரத்தின் பெரும்பகுதி வாசலில் குவிந்திருக்கிறது: அயனியத் தூண்கள், விசிறி வடிவ மேல் ஜன்னல், மரத்தில் செதுக்கிய ரோஜாக்கள். சிறகுகளின் தெருமுகமும் பல்லாடியோவிடம் இல்லாத பலகோண வடிவில் முன்தள்ளி நிற்கிறது. இந்தத் தேர்வுகள் ஒரு மரவேலைக்காரருடையவை. ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து லண்டனில் தொழில் கற்ற பக்லாண்ட், 1755-இல் ஒப்பந்தக் கூலியாக வர்ஜீனியா வந்து, அங்கே ஜார்ஜ் மேசன் என்பவரின் கன்ஸ்டன் ஹால் மாளிகையில் உள்வேலைகளைச் செய்தவர். சுவர் அடக்கமாக இருந்தால்தான் செதுக்குவேலை கண்ணில் நிற்கும் என்ற கணக்கு அந்தப் பயிற்சியிலிருந்து வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

கட்டி முடிவதற்குள், 1774-இலேயே அவர் இறந்துவிட்டாரே, இதை எப்படி அவருடையது எனலாம் என்பது அடுத்த தடை. சார்லஸ் வில்சன் பீல் வரைந்து, இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் உள்ள உருவப்படம் இதற்கு விடை தருகிறது: பக்லாண்டின் அருகே மேசையில் இருப்பது இந்த வீட்டின் வரைபடமே. எனினும் ஒருவர் பெயரோடு வரலாற்றை முடித்துவிட முடியாது. அவருடைய பட்டறையில் ஒப்பந்தக் கூலிகளும் அடிமைப்படுத்தப்பட்டவர்களும் உழைத்தனர். வரைபடத்தைச் செங்கல்லாகவும் மரமாகவும் மாற்றிய கைகளுக்கும் இதில் பங்குண்டு. 1960-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்த வீட்டை மதிப்பிடும்போது, மூலநூலைச் சொல்வது பாதி உண்மையே. அந்நூலில் எதைக் கொண்டார்கள், எதை விட்டார்கள், அந்த வேலையை யார் செய்தார்கள் என்பதே மீதி.