பாட்டு தேடுற பசங்க: கொழும்பு ரேடியோ முதல் ப்ளூடூத் வரை

போன மாசம் ஓ.பி.யில ஒரு பையன் வந்தான். 18 வயசு. பனியன் கம்பெனியில நிட்டிங் செக்‌ஷன் வேலை. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

"காதுக்குள்ள கொய்ய்னு ஒரே சத்தமுங்க சார். ராத்திரி படுத்தா இன்னும் அதிகமாகுது."

காதைப் பார்த்தேன். அழுக்கு இல்லை, சீழ் இல்லை, செவிப்பறை நல்லா இருக்கு. விசாரிச்சப்போதான் விஷயம் வந்தது. ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம். மிஷின் இரைச்சலுக்கு மேல பாட்டு கேக்கணும்னு ப்ளூடூத்தை ரெண்டு காதுலயும் மாட்டி முழுச் சத்தம்.

"எதுக்குப்பா அவ்ளோ நேரம் பாட்டு?"

"புதுப் பாட்டு தேடத்தானுங்க சார். ரூமு, கம்பெனி எல்லாம் சேத்து நாப்பது பேரு இருக்கோம். தினமும் எல்லாருக்கும் ஒரு பாட்டு நான்தான் அனுப்புவேன். யாரும் அதுக்கு முன்னாடி கேட்டிருக்கக் கூடாது, அதுதான் கணக்கு."

இதைச் சொல்லும்போது காது வலி மறந்து அவன் முகத்துல ஒரு பெருமை.

அந்தப் பெருமையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன். என் அம்மா முகத்துல, என் சின்ன மாமா முகத்துல. அதனால இன்னைக்கு மருத்துவத்தோட கொஞ்சம் வரலாறும் பேசலாம்.

"இந்தக் காலத்துப் பசங்க எந்நேரமும் பாட்டு பாட்டுனு கெட்டுப் போறாங்க" என்ற புலம்பல் புதுசு இல்லீங்க. ஒரு காலத்தில் அரசாங்கமே அப்படிப் புலம்பியது.

1952-ல் பி.வி. கேஸ்கர் ஒன்றிய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதம் படித்தவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு குறைந்து குறைந்து, கடைசியில் காணாமலே போனது.

இளசுகள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி கொழும்புக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் ஒரு சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பு நிலையம் இருந்தது. போர் முடிந்ததும் அது இலங்கையின் கைக்கு வந்தது. அதை வைத்து ரேடியோ சிலோன் இந்தியா முழுக்கக் கேட்டது. இந்தியில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா 1952-லேயே தொடங்கிவிட்டது. பின்னாளில் தமிழில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்ம வீட்டிலேயே இருக்கும், கேட்டுப் பாருங்க.

நிலைமையைப் பார்த்த டெல்லி இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி தொடங்கியது. கண்டிப்பான தாத்தா கடைசியில் பேரனோடு உட்கார்ந்து படம் பார்த்த கதைதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, நேயர் விருப்பம்.

இன்றைய ஜார்க்கண்டில் ஜும்ரி தலையா என்று ஓர் ஊர். மைக்கா சுரங்கத் தொழில் நடந்த சின்ன ஊர். அங்கிருந்து ரேடியோவுக்குப் பாட்டு கேட்டு அவ்வளவு அஞ்சலட்டை போகும். தினமும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டுக் கேட்டு, நிஜமாவே இப்படி ஓர் ஊர் இருக்கா என்று மற்ற ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டார்களாம்.

யோசிச்சுப் பாருங்க. பாட்டைத் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்ள அஞ்சலட்டை வேண்டியதில்லை. "இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும், ஊரே கேக்கட்டும்" என்பதற்குத்தான் அஞ்சலட்டை.

என் அம்மாவும் எழுதியிருக்காங்க. அப்போ அவங்களுக்கு 15 வயசு. வீட்டுல உக்காந்து பனியனுக்குப் பிசிர் வெட்டுற வேலை, பக்கத்துல ரேடியோ. அவங்க பேரை ஒரு நாளும் வாசிக்கலை. ஆனா கேட்ட பாட்டு ஒரு நாள் வந்துச்சாம், வேற யாரோ பேருக்கு. "என் பாட்டுதான் வந்துச்சு"னு இன்னைக்கும் சொல்லுவாங்க.

அடுத்த கதை கேசட்.

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், நம்ம ஊருக்குப் பரவலாக வந்தது 1980-ஐ ஒட்டித்தான். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் டூ-இன்-ஒன் செட்டோடு திரும்பினார்கள். 1976-ல் அன்னக்கிளி மூலம் வந்த இளையராஜாவின் பாட்டுகள் வருஷா வருஷம் குவிந்துகொண்டிருந்த நேரம். தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது.

முறை இதுதான். கடையில் போய் காலி கேசட் வாங்கணும். நோட்டுப் பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுக்கணும். ரெண்டு மூணு நாள் கழிச்சு வாங்கணும். 60 நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம், ஏறக்குறைய ஆறு பாட்டு. ஆக மொத்தம் 12. ஆயிரம் பாட்டில் 12-ஐப் பொறுக்க எவ்வளவு யோசிக்கணும்! சட்டப்படி இது பெரும்பாலும் தப்புதான். பதிப்புரிமைச் சட்டத்தை 1984-ல் கடுமையாக்கினார்கள். ஆனாலும் கடைகள் மூடவில்லை.

அதே 1984-ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊர் வரலாற்றில் பெரிய போராட்டம் அது.

அப்போ என் சின்ன மாமாவுக்கு 17 வயசு. ஏ.ஆர். ரஹ்மானும் அவரும் ஒரே வருஷம் பிறந்தவங்க. கம்பெனியில டெய்லருக்குக் கைமடி வேலை. அவரும் நாலு நண்பர்களும் காசு போட்டு ஒரு செட் வாங்கியிருந்தாங்க. வாரத்துக்கு ஒருத்தர் லிஸ்ட் எழுதணும். யார் லிஸ்ட் நல்லா இருக்குனு சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வந்து டீக்கடையில பஞ்சாயத்து நடக்கும். மாமா லிஸ்ட்தான் ஜெயிக்குமாம். (சொன்னது மாமாதான், சரிபார்க்க ஆள் இல்லை.)

போராட்டம் நீண்டப்போ அரிசிக்கு வழியில்லாம செட்டை அடகு வெச்சாங்க. கேசட்டை வைக்கலை. செட் இல்லாம கேசட்டை வெச்சு என்ன மாமா பண்ணுனீங்கனு கேட்டேன்.

"செட்டு இருக்கற ஊட்டுக்குப் போயி, இதப் போடுங்கனு குடுப்பேன் கண்ணு. அவங்களுந்தான் கேக்கட்டுமே."

எனக்கு இதுதான் முழு வரலாறும்னு தோணுது. பாட்டைக் கண்டுபிடிக்கிறவனுக்குப் பாதி சந்தோஷம்தான். இன்னொருத்தர் கேட்டுட்டுத் தலையாட்டும்போதுதான் மீதிப் பாதி.

இது நம்ம ஊர் வழக்கம் மட்டுமில்லை. 1979-ல் ஜப்பானில் சோனியின் முதல் வாக்மேன் வந்தப்போ, அதில் ஹெட்போன் மாட்ட ரெண்டு துளை இருந்தது. தனியாகப் பாட்டு கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தார் நிறுவனர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா. ஆனால் வாங்கியவர்கள் தனியாகவே கேட்டார்கள். பிந்தைய மாடல்களில் ரெண்டாவது துளை காணாமல் போனது.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். என் காலத்தில் எம்.பி.3 சி.டி., அப்புறம் மெமரி கார்டு. இப்போ உலகத்துப் பாட்டு முழுக்க ஒரு போனில்.

இந்த எழுபது வருஷத்தில் பசங்க மாறவே இல்லை. மாறியது தூரம். பாட்டு வந்த பெட்டி டீக்கடை மூலையில் இருந்தது, அப்புறம் வீட்டு அலமாரிக்கு வந்தது, இப்போ காதுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

இங்கதான் மருத்துவரா நான் கவலைப்படுறேன்.

ஒவ்வொரு உட்காதிலும் ஒலியை உணரும் மயிர் செல்கள் சுமார் 15,000 இருக்கு. போனா முளைக்காது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் பாட்டு கேக்கலாம். 90 டெசிபல்னா வாரத்துக்கே 4 மணி நேரம்தான். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும்.

விசைத்தறிக் கூடத்தில் இரைச்சல் மட்டுமே 90-ஐத் தாண்டுவது சாதாரணம். அதுக்கும் மேல பாட்டு கேக்கணும்னா எவ்வளவு சத்தம் வைக்கணும்? நம்ம பையன் அதை 12 மணி நேரம் செய்யுறான். காதில் கொய்ங்குற சத்தம், அந்தச் செல்கள் கொடுக்கும் எச்சரிக்கை.

இதோட முடிவு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சின்ன மாமா போராட்டத்துக்கு அப்புறம் பல்லடம் பக்கம் தறி ஓட்டப் போனார். 30 வருஷம். காதில் ஒரு பஞ்சு கூட வைக்கலை, வைக்கணும்னு யாரும் சொல்லவும் இல்லை. இன்னைக்கு அவருக்குக் குருவிச் சத்தம் கேக்காது. கூட்டத்துல பேசினா புரியாது. அவர் லிஸ்ட் போட்ட பாட்டுகள்லயே புல்லாங்குழல் மேலே ஏறுற இடம் காணாம போயிடுச்சு. "இங்க ஒண்ணு வரும் கண்ணு, வந்துச்சா?"னு என்னைக் கேப்பார்.

பையனுக்கு நான் சொன்னது இதுதான். உங்க பிள்ளைகளுக்கும் பொருந்தும்:

மிஷின் ஓடுற இடத்துல பாட்டு வேண்டாம், காதடைப்பான் போடு. அதைக் கம்பெனியில கேட்டு வாங்கு, அது சலுகை இல்லை. பாட்டைத் தேடுறதை ரூமுக்கு வந்து அமைதியான இடத்துல வெச்சுக்கோ. சத்தம் 60 சதவீதத்துக்கு மேல வேண்டாம். கேட்புத் திறன் பரிசோதனை செஞ்சுக்கோ.

இன்னொன்னு. திடீர்னு ஒரு காது கேக்காம போனா அது அவசரம். "சளியா இருக்கும்"னு காத்திருக்காம அன்னைக்கே மருத்துவமனைக்கு வந்துடுங்க.

"அப்ப பாட்டு தேடுறத உட்டரச் சொல்றீங்களா சார்?"

"இல்லப்பா. அம்பது வயசுலயும் நீ தேடணும்னுதான் சொல்றேன்."

மூணு வாரம் கழிச்சு வந்தான். சத்தம் குறைஞ்சிருக்கு, முழுசாப் போகலை. பரிசோதனையில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கு. அது திரும்ப ஏறாது. இனி ஆழமாகாம பாத்துக்கலாம்.

போகும்போது ஒரு துண்டுப் பேப்பர்ல ஒரு பாட்டுப் பேரை எழுதிக் கொடுத்தான். "நீங்க கேட்டிருக்க மாட்டீங்க சார்."

கேட்டதில்லைதான். அன்னைக்கு ராத்திரி ஸ்பீக்கர்ல போட்டேன். மாமா வந்திருந்தார். சத்தத்தைக் கூட்டச் சொன்னார். நான் கூட்டலை, அவர் நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டேன். முழுசாக் கேட்டுட்டு, "இன்னொருக்கா போடு கண்ணு"ன்னார்.

உங்க வீட்டுலயும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். "எந்நேரமும் காதுல என்ன?"னு திட்டாம, "என்ன பாட்டு அது, வெளிய போடு, நாங்களும் கேக்குறோம்"னு சொல்லிப் பாருங்க. பிள்ளை தேடுன பாட்டைக் கேக்க ஆள் கிடைச்ச மாதிரியும் ஆச்சு, காதுக்குப் பாதுகாப்பும் ஆச்சு.