கைப்பிடி அரிசியும் கடற்கரைப் பங்கும்

திருச்செந்தூருக்குத் தென்பக்கம் இரண்டு ஊர்கள். செம்மணல் தேரிக்காட்டுப் பனைகளுக்கு நடுவே 192 அடிக் கோபுரத்தோடு மெஞ்ஞானபுரம். கடலோர மணல்மேட்டில் திருச்சிலுவைக் கோயிலோடு மணப்பாடு. முன்னது சி.எஸ்.ஐ., பின்னது கத்தோலிக்கம். அங்கே குருவானவர் ‘ஐயர்’, இங்கே ‘சாமி’. கிராமத்து ஊழியம் எப்படி நடக்கிறது என்று பார்க்க இந்த வட்டாரமே போதும்.

தேரிக்காட்டில் சபைதான் ஊரை உண்டாக்கியது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனபோது, நிலம் வாங்கிக் குடியமர்த்தினார்கள். 1799இல் அப்படி எழுந்த முதல் ஊருக்கு முதலூர் என்றே பெயர். மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830இல், இதற்கென்றே தர்ம சங்கம் ஏற்பட்டது. மெஞ்ஞானபுரம் என்ற பெயரும் சபை வைத்ததுதான். 1837இல் அங்கே வந்த ஜான் தாமஸ் 1870இல் இறந்தபோதும் அவ்வூர்க் குருவாகவே இருந்தார்.

கடற்கரையில் கதை தலைகீழ். ஊர் முன்பே இருந்தது, தலைவரும் இருந்தார். முத்துக்குளிப்புத் தகராறில் போர்த்துக்கீசியர் துணை வேண்டி, கடற்கரை மக்களான பரதவர் 1530களின் நடுவில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தபோது பெயர் மட்டும் மாறியிருந்தது; செபம் தெரிந்தவர் அபூர்வம். உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, தானும் மனப்பாடம் செய்து, பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அதைத் தொடர்ந்து நடத்த ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை நியமித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். ஆன்மாக்களுக்கும் கணக்கு உண்டே என்று நினைத்தாரோ என்னவோ!

ஊழியம் எதில் ஓடுகிறது என்பதில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். தேரிப் பக்கத்தில் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு கை அள்ளி ஒரு டப்பாவில் தனியே போடுவாள் வீட்டுக்காரி. அரிசி குறைவாக இருக்கிற நாளிலும் கை போகும். பிடிதான் கொஞ்சம் சிறுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்கு வரும். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் ஒரே சாக்கில் கலந்துவிடும். ஸ்தோத்திரப் பண்டிகை வந்தால் பூசணி, கருப்பட்டி, சேவல் எல்லாம் ஏலத்துக்கு நிற்கும். ஒரு முட்டை விலை ஏறிக்கொண்டே போகும். எடுத்தவர் அதை மறுபடி ஏலத்துக்கே கொடுப்பார். பக்தியும் வீம்பும் அங்கே பிரிக்க முடியாதபடி கிடக்கும்.

கடற்கரையில் இந்தக் கைப்பிடிக் கணக்கு நடக்காது. கடல் ஒருநாள் அள்ளிக் கொடுக்கும், பத்து நாள் வெறும் வலையைத் திருப்பி அனுப்பும். அதனால் கோயிலுக்குரியது மீன்பாட்டிலேயே பங்காகப் பிரிந்தது. அதை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்ட ஊர்களும் உண்டு. மீன் பட்டால் கோயிலுக்கும் உண்டு, படாவிட்டால் இல்லை. பெண்ணின் அடுக்களையிலிருந்து வரும் காணிக்கைக்கும் ஆண்களின் கரைக்கணக்கிலிருந்து வரும் காணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை இறையியல் மாணவர்கள் யாராவது ஆராய்ந்தால் நன்றாக இருக்கும்.

அதனால்தானோ என்னவோ, தேரியில் ஐயருக்குச் சமமாக ஐயரம்மாவும் வேண்டும். குருமனையின் பின்வாசலில்தான் பாதி ஊழியம். புருஷன் குடிக்கிறான் என்பது முதலில் அந்த வாசலுக்குத்தான் வரும். கடற்கரையில் சாமிக்குக் குடும்பம் இல்லை. வலை அறுந்த வழக்கும் படகுத் தகராறும் நேரே அவர் பங்களா முற்றத்துக்கு வரும். ஒரு பக்கம் சொந்தபந்தம் இல்லாதவர் என்பதே அவருடைய பலம். ஆனால் ஊர்க் கமிட்டி முறைத்துக்கொண்டால் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஐயரும் தப்ப முடியாது. சேகரத் தேர்தலில் இரு அணிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, மாற்றல் உத்தரவுக்காகக் காத்திருப்பார்.

மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளை. அங்கே குருவானவர் வீட்டில் 1874இல் பிறந்த அசரியா, 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். தேரிக்காட்டுக் காணிக்கை அவர் பேராயராக இருந்த தோர்ணக்கல் வரை போய்த் தெலுங்கில் சபை வளர்த்தது. கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடற்கரைக்கும் தேரிக்கும் மட்டும் பேச்சு அதிகமில்லை. பிரிப்பது சபைப்பிரிவு மட்டுமில்லை, சாதியும்தான். கருப்பட்டி கடற்கரைக்குப் போகிறது, கருவாடு தேரிக்கு வருகிறது. பெண் கொடுத்து எடுக்க மட்டும் இரு பக்கமும் இன்னும் யோசிக்கிறார்கள்.