மண்ணில் கிடைத்த பொன்

சேலத்திலிருந்து மேட்டூர் போகிற வழியில் ஓமலூரில் இறங்கினேன். கோடை மழை நாலு தூறல் போட்டுவிட்டு ஓய்ந்திருந்தது. சரபங்கா நதிக்கரைச் செம்மண்ணிலிருந்து கிளம்பிற்று பாருங்கள், ஒரு வாசனை! பக்கத்தில் நின்ற பெரியவர், "மண்ணு மணக்குதுங்க, இனி ஏரு பூட்டிரலாமுங்க" என்றார்.

மணப்பது மண் அல்ல. அதில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள். ஸ்ட்ரெப்டோமைஸீஸ் என்ற குலத்தைச் சேர்ந்தவை அவற்றில் முக்கியமானவை. அவை உண்டாக்கும் வாசனைப் பொருளுக்கு 1965-ல் ஜியோஸ்மின் என்று பெயரிட்டார்கள். கிரேக்க மொழியில் அதற்கு மண்மணம் என்றே பொருள். பெரியவரிடமே கேட்டிருக்கலாம்!

இந்தக் குலத்தில் ஒன்றைக் கண்டுபிடித்த கதையில் நம் சென்னை வாசனையும் உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சகோதரர் இருவரைக் கிராணி நோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியர் முகம் சுளித்தார். எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. 1923-ல் அமெரிக்கா சென்றார். அப்புறம் தாயகம் திரும்பவே இல்லை.

பின்னாளில் அவர் லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே வந்து சேர்ந்தார் பெஞ்சமின் டக்கர். எழுபது வயது கடந்து பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்! பல ஊர் மண்ணையும் வரவழைத்தார்கள். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மேலும் மேலும் நீர்க்கச் செய்து, கடற்பாசிக் கூழில் தடவி வைப்பார்கள். நாலைந்து நாளில் புள்ளி புள்ளியாகக் குடும்பங்கள் முளைக்கும். நிறம் என்ன, வித்துச் சரம் நேரா சுருளா, எந்தச் சர்க்கரையைத் தின்னும் என்று ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

1945-ல் மிஸௌரி சர்வகலாசாலைப் பரிசோதனை வயலிலிருந்து வந்த மண்ணில் ஒன்று பொன்னிறமாக முளைத்தது. ஏற்கெனவே பெயர் பெற்ற எதனோடும் ஒத்துப்போகவில்லை. பொன்னாக்குவது என்ற பொருளில் 'ஆரியோஃபேஸியன்ஸ்' என்று பெயரிட்டார் டக்கர். அது தந்த ஆரியோமைஸின், பெனிஸிலினுக்கு அசையாத டைஃபஸ் ஜுரத்தையும் அடக்கிற்று. 1948 ஜூலையில் உலகுக்கு அறிவித்தார்கள். அடுத்த மாதமே சுப்பாராவ் காலமானார். வயது 53.

பெயர் சூட்டுவதிலும் வம்பு வந்தது. மருந்துக்கு உரிமை கோரிய கம்பெனிகள் பழைய ஜீவனுக்கே புதுப்பெயர் வைப்பதும் உண்டு. 1964 வாக்கில் பல நாட்டு நிபுணர்கள் கூடி, நானூறுக்கும் மேற்பட்டவற்றை மறுபடி பரிசோதித்தார்கள். இப்போது மரபணுவைப் படித்தே குலம் கோத்திரம் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் 2017-ல் டக்கரின் பொன்மகள் கிடாஸாடோஸ்போரா என்ற வேறு குலத்துக்குப் போய்விட்டாள். பொன் என்ற பெயர் மட்டும் கூடவே போயிற்று.

சுப்பாராவுக்கும் ஒரு பெயர் கிடைத்தது. 1953-ல் புதிய பூஞ்சை ஒன்றுக்கு 'சுப்பாரோமைஸீஸ் ஸ்ப்ளெண்டென்ஸ்' என்று சூட்டினார்கள். அது கிடைத்த இடம், சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டி.