ரெண்டு அட்டை, ஒரு கலங்கரை விளக்கம்

கலங்கரை விளக்கம் போட்ட பட அஞ்சலட்டை சேர்க்கிறவரா நீங்க? அப்போ இங்கிலாந்தின் பிளைமவுத் அட்டை ஒண்ணு கண்டிப்பா கையில் மாட்டியிருக்கும். கடலோரப் புல்மேட்டில், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்டு நிக்குமே, அது ஸ்மீட்டன் கோபுரம். புல்தரையில் எதுக்குய்யா கலங்கரை விளக்கம்?

அதோட சொந்த ஊர் சுமார் 14 மைல் தள்ளி, கடலுக்குள் இருக்கும் எடிஸ்டோன் பாறை. அங்கே வின்ஸ்டன்லி கட்டின முதல் விளக்கம் 1703 புயலில் அவரோடயே போச்சு. இரண்டாவது 1755-ல் எரிஞ்சுபோச்சு. மூன்றாவதை ஜான் ஸ்மீட்டன் கல்லோடு கல் கோத்து 1759-ல் முடிச்சார். 120 வருஷத்துக்கு மேல தாங்குச்சு. கடைசியில் கெட்டது கோபுரம் இல்லை, அடிப்பாறை. அலை அரிச்சு அரிச்சு, கோபுரமே ஆட ஆரம்பிச்சது. 1882-ல் பக்கத்துப் பாறையில் புது விளக்கம் வந்தது. பழசை விட மனசில்லாத ஊர்க்காரங்க நிதி திரட்டி, மேல்பகுதியைப் பிரிச்சு எடுத்துவந்து கரையில் அடுக்கிட்டாங்க.

பிரிட்டனில் தனியார் பட அட்டைக்கு அனுமதி கிடைச்சதே 1894-ல் தான். அதுக்குள்ள கோபுரம் இடம் மாறிடுச்சு!

ஆனா எடிஸ்டோன் அட்டையை உத்துப் பாருங்க. புது விளக்கத்துக்குப் பக்கத்தில் குட்டையா ஒரு மொட்டைத் தூண். ஸ்மீட்டனோட மிச்சம் அதுதான். ரெண்டு அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வச்சாதான் மனுஷன் கட்டினது முழுசாகும். ஒண்ணு மட்டும் வச்சிருக்கவங்க மத்ததையும் தேடுங்க மக்கா!