ஒத்தைக் கொட்டடியும் பேசக்கூடாத கூட்டமும்

‘தனியா இருக்கேன்’ என்பதும் ‘தனிமையா இருக்கு’ என்பதும் ஒன்றல்ல. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நவீனச் சிறையை வடிவமைத்தவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்தின் மீது கல் கட்டடங்களை எழுப்பினார்கள்.

பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை 1829இல் திறக்கப்பட்டது. ஆளுக்கொரு கொட்டடி, ஆளுக்கொரு சிறு முற்றம், கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு. கைதியை வெளியே கொண்டுவந்தால் தலையோடு முகத்தை மூடும் முக்காடு. சக மனிதரிடமிருந்து பிரித்துவிட்டால் குற்றவாளி தன் மனசாட்சியோடு பேச ஆரம்பிப்பான் என்பது குவேக்கர் நம்பிக்கையில் ஊறிய சீர்திருத்தவாதிகளின் எண்ணம். கசையடிக்கு மாற்றாக, நல்ல மனசோடு கட்டியது இது. அந்த நல்ல மனசுதான் பயமாயிருக்கிறது. 1842இல் போய்ப் பார்த்த டிக்கன்ஸ், காயம் வெளியே தெரியாத சித்திரவதை என்ற பொருள்பட எழுதினார்.

அதற்கு முன்பே நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் 1821இல் சுமார் 80 பேரை, கைக்கு ஒரு வேலைகூடக் கொடுக்காமல், முழுத் தனியடைப்பில் போட்டுப் பார்த்திருந்தார்கள். சிலர் செத்தார்கள், சிலருக்குப் புத்தி பேதலித்தது. 26 பேரை ஆளுநர் மன்னித்து விடுவிக்க நேர்ந்தது. பிறகு ஏற்பாட்டை மாற்றினார்கள். இரவில் தனிக்கொட்டடி, பகலில் பட்டறையில் எல்லோரும் கூடி வேலை. ஆனால் வாய் திறக்கக்கூடாது, திறந்தால் சவுக்கு. ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். உடல் உடலோடு உரசிக்கொண்டே போகும், ஒரு சொல் கடக்காது. தனியாக இல்லாத மனிதனுக்கும் தனிமையைத் தயாரித்துத் தர முடியும் என்று அதிகாரம் கண்டுகொண்டது இங்கேதான். லண்டனின் பென்டன்வில் சிறை (1842) பிலடெல்பியாவின் தனியடைப்பு முறையைப் பின்பற்றியது. அங்கே தேவாலயத்தில்கூட ஆளுக்கொரு தடுப்பு. கைதிகள் விட்டார்களா என்ன? பாட்டோடு பாட்டாகப் பக்கத்துத் தடுப்புக்குச் சேதி அனுப்பினார்கள்.

மிஷல் பூக்கோ 1975இல் வெளிவந்த தன் நூலில் பிலடெல்பியா, ஆபர்ன் மாதிரிகளை விவாதிக்கிறார். அந்நூலைப் படித்த நம்மில் பலருக்கு மனதில் தங்கியது என்னவோ கண்காணிக்கும் கண்தான். சிறையின் காதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசவில்லை. ரஷ்யச் சிறைகளில் எழுத்துக்களைக் கட்டம்போட்டு, வரிசைக்கு இத்தனை தட்டு, இடத்துக்கு இத்தனை தட்டு என்று சுவரிலேயே பேசினார்கள். 1874இல் கைதாகி பீட்டர்-பால் கோட்டையில் கிடந்த குரோபோட்கின், அடுத்த கொட்டடி இளைஞன் ஒருவனுக்குப் பாரிஸ் கம்யூனின் வரலாறு முழுவதையும் தட்டியே சொல்லி முடித்தார். ஒரு வாரம் பிடித்தது. சுவருக்கு இரண்டு பக்கமும் ஒத்தை ஆள்தான். இருந்தும் அந்த வாரம் அங்கே நடந்ததைத் தனிமை என்று எப்படிச் சொல்வது?

1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தமான் சிறையில் 7 கிளைகள், 693 தனிக்கொட்டடிகள். ஒரு கிளையின் முகம் அடுத்ததன் முதுகைப் பார்த்திருக்கும், கைதியின் கண்ணில் கைதி படாதபடி. வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகள் தனியடைப்பை மொத்தம் 3 மாதம், ஒரு தடவைக்கு 14 நாள் என்று அளந்து வைத்தன. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 11, 12ஆம் பிரிவுகளாக உட்கார்ந்திருக்கின்றன. சுனில் பத்ரா வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம், தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டவர் என்பதற்காகவே சிறை நிர்வாகம் ஒருவரைத் தானாகத் தனியடைப்பில் போட முடியாது என்றது. பெரிய தீர்ப்பு, சந்தேகமில்லை. ஐ.நா.வின் மண்டேலா விதிகள் (2015) இன்னும் ஒரு படி போய், ஒரு நாளில் 22 மணிநேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் வைப்பதே தனியடைப்பு என்கின்றன. கம்பிக்கு வெளியே காவலர் நிற்பதைத் துணை என்று கணக்குக் காட்ட முடியாது.

ஆனால் அந்த வரையறையும் அடைத்து வைக்கப்பட்டவரைத்தான் தேடுகிறது. நெரிசலான ஒரு பொதுக்கொட்டடியை எடுத்துக்கொள்வோம். படுத்தால் பக்கத்து ஆளின் முழங்கை இடிக்கும். அதில் வேற்று மாநிலத்திலிருந்து கூலிவேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட ஒரு விசாரணைக் கைதி. அவன் பாஷை அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. வாய்தா என்றைக்கு என்று கேட்கவும் அவனுக்கு ஆள் இல்லை. அவனை எந்தப் பிரிவின் கீழும் எண்ணமாட்டார்கள்.