பின்னுக்கு ஏறினவர் கதை

மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள் எட்டுப் போட்டுக் காட்டவேண்டும். கூம்பில் தட்டக்கூடாது, கால் நிலத்தில் படக்கூடாது. தனியாகத்தான் ஓடிக் காட்டுகிறோம். பாஸ் பண்ணின கிழமையே அதே மோட்டார் சைக்கிளில் தம்பி ஏறுவான், அம்மா ஏறுவா, லெக்சர் முடிந்து பஸ் இல்லாமல் நிற்கிற சிநேகிதி ஏறுவாள். ஓடத் தெரியுமா என்று பார்த்தவர்கள், ஆளை ஏற்றி ஓடத் தெரியுமா என்று பார்க்கவேயில்லை.

இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்தான். எங்கட றோட்டுகளில் அதில் ஒரு ஆள் மட்டும் போவதைவிட இரண்டு பேர் போவதுதான் வழமை. அப்படியிருக்க அந்த இரண்டாவது ஆள் ஏன் ஒரு கணக்கிலும் இல்லை? இந்தக் கேள்வியோடு கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். சீற், சட்டம், ஹெல்மெற் எல்லாமே முதலில் ஓட்டுபவருக்குத்தான் வந்திருக்கின்றன. பின்னுக்கு இருந்தவருக்கு அவை பிந்தித்தான் கிடைத்தன. சில இடங்களில் நூறு வருசம் பிந்தி.

1885 இல் ஜேர்மனியின் கான்ஸ்ராற்றில் டைம்லரும் மைபாக்கும் செய்த வண்டியிலிருந்துதான் பொதுவாக இந்தக் கதையைத் தொடங்குவார்கள். மரச்சட்டம், விழாமல் தாங்கப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டிச் சில்லு, நடுவில் ஒரேயொரு சீற். டைம்லரின் மகன் போல் அதை ஓடிப் பார்த்தபோது சீற்றுக்குக் கீழே இருந்த எரியூட்டும் குழாயின் சூட்டில் சீற் தீப்பிடித்தது என்று சொல்லுவார்கள். ஓட்டுபவருக்கே அந்த நிலை என்றால் இன்னொரு ஆளைப் பற்றி யார் யோசிப்பது?

ஆனால் சனம் யோசித்தது. மோட்டார் சைக்கிள் விலைக்கு வரத்தொடங்கியதும் அடுத்த கேள்வி மனைவியை, காதலியை, பிள்ளையை எங்கே வைப்பது என்பதுதான். முதலில் பின்னால் ஒரு சிறு வண்டிலைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். அதில் இருந்தவருக்குக் கிடைத்தது புழுதியும் புகையும். பிறகு முன்பக்கம் இரண்டு சில்லுப் பூட்டி, நடுவில் கதிரை வைத்தார்கள். கதிரையில் இருந்தவருக்கு நல்ல காட்சி, ஆனால் எதிலாவது மோதினால் முதலில் மோதுவது அவர்தான். இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர் தான் எந்த இடத்தில் இருந்து ஓடினார் என்பதை மறக்கக்கூடாது. 1903 அளவில் சைட்கார் வந்தது. அது உண்மையாகவே நல்ல தீர்வு, பல குடும்பங்கள் அதில் போய்வந்தன. ஆனால் அதற்குத் தனிக் காசு வேண்டும்.

காசில்லாத இளம் ஆட்கள் என்ன செய்தார்கள்? சாமான் கட்டும் கரியரில் ஒரு மெத்தையைக் கட்டி ஆளை ஏற்றினார்கள். பின் சீற்றுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'பிலியன்' என்ற சொல்லும் மெத்தைதான். குதிரையில் ஆண் ஓட, பின்னால் பெண் இருப்பதற்குப் போடும் சிறு மெத்தைக்கு இருந்த பெயர் அது. குதிரை போய் மோட்டார் வந்த பிறகும் சொல்லும் மெத்தையும் அப்படியே தொடர்ந்தன. 1920களின் பிரித்தானியாவில் அந்தக் கரியருக்கு இளம் பெண்களை நக்கலடிக்கும் ஒரு பட்டப்பெயரும் இருந்தது. கால் வைக்கவோ பிடிக்கவோ ஒழுங்கான இடம் இல்லாத கரியர் அது.

1930 இல் பிரித்தானிய வீதிப் போக்குவரத்துச் சட்டம் இதில் கை வைத்தது. இரண்டு சில்லு மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம். அவரும் இருபக்கமும் கால் போட்டு, ஓட்டுபவரின் சீற்றுக்குப் பின்னால் இறுக்கமாகப் பூட்டிய சரியான சீற்றில் இருக்கவேண்டும். பின்னுக்கு இருந்தவருக்கு இப்படிச் சட்டத்தில் ஒரு இடம் கிடைக்க, கான்ஸ்ராற் வண்டியிலிருந்து 45 வருசம் பிடித்தது.

தலையின் கதை இதைவிட நீளம். 1935 மே 13 அன்று, 'அரேபியாவின் லோரன்ஸ்' என்று உலகம் அறிந்த ரி. ஈ. லோரன்ஸ், டோர்செற்றில் தன்னுடைய வீட்டுக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். முன்னால் சைக்கிளில் போன இரண்டு பெடியன்களுக்கு விலத்தப்போய்த் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மெற் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து 46 வயதில் இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ். அவுஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். அந்த மரணத்துக்குப் பிறகு அவர் எண்ணிக்கைகளைத் தேடத் தொடங்கினார்.

1941 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வந்தது. போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் 2279 பேர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்திருந்தார்கள். அவ்வளவு பேரும் எதிரியின் குண்டுக்கு இல்லை, றோட்டில் போனவர்கள். அந்தக் கணக்கில் ஓட்டியவர்களோடு பின்னால் இருந்தவர்களும் சேர்த்தி. சாவுக்குப் பெரும்பாலும் காரணம் தலைக்காயம். ஹெல்மெற்றோடு விழுந்தவர்களில் கேர்ன்ஸுக்குக் கிடைத்தது ஏழே ஏழு பேர், ஏழு பேரும் தப்பியிருந்தார்கள். ஏழு என்பது சின்ன எண்தான். ஆனாலும் அந்த வருசம் நவம்பரில் இராணுவம் தன்னுடைய மோட்டார் சைக்கிள்காரருக்கு ஹெல்மெற்றைக் கட்டாயமாக்கியது. சாவு குறைந்ததை கேர்ன்ஸ் 1946 இல் திரும்ப எழுதிக் காட்டினார்.

சாதாரண சனத்துக்கு? 1973 வரை ஒன்றுமில்லை. கேர்ன்ஸ் 1952 இலேயே இறந்துவிட்டார். 1973 இல் வந்த சட்டம் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஒன்றாகவே வந்தது. டெல்லியிலோ பின்னால் இருக்கும் பெண்களுக்கு 2014 வரை ஹெல்மெற் கட்டாயமில்லை. பெண்ணின் மண்டையோடு வேறு எலும்பால் செய்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் பின் சீற்றில் இருப்பவர் பெண் என்று எடுத்துக்கொண்டு எழுதின நல்ல விதி ஒன்றும் இந்தியாவில்தான் இருக்கிறது. 1989 இன் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஆள் ஏற்றும் மோட்டார் சைக்கிளில் பிடிக்க ஒரு பிடி, கால் வைக்க ஒரு இடம், உடுப்பு சிக்காமல் பின்சில்லில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு எல்லாம் இருக்கவேண்டும். எங்கட வீட்டில் நிற்கும் இந்திய மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில் உள்ள கம்பித்தட்டு, நாங்கள் சாறி காட் என்று சொல்லுவது, அப்படி வந்ததுதான். வடிவில்லை என்று அதைக் கழற்றி வைக்கிற பெடியன்கள், அந்தச் சில்லுக்குப் பக்கத்தில் யாருடைய சாறி பறக்கும் என்று யோசிப்பதில்லை.

எங்கட பக்கத்து வரலாறு பெரும்பாலும் தட்டுப்பாட்டின் வரலாறு. 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. ஓடின கொஞ்ச மோட்டார் சைக்கிளும் சில துளி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, மண்ணெண்ணெயில் ஓடின. மற்ற எல்லோருக்கும் சைக்கிள், அதில் டபிள்ஸ். 'டபிள்ஸ்' என்பது எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுகிற சொல். பின்னால் இருப்பவருக்கு என்று எங்களிடம் இன்னும் ஒரு தனிச்சொல் புழக்கத்தில் இல்லை. இங்கே பெயர்போன எம்டி 90, யப்பானில் தபால்காரருக்காகச் செய்த ஹொண்டா. தபால்காரர் தனியாகப் போகிறவர், அதனால் பின்னுக்கு இருந்தது கரியர். அதில் சீற் பூட்டி ஆள் ஏற்றினது நாங்கள். 1920களின் மெத்தைக் கதைதான் திரும்பவும்! 2022 இல் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். அந்த நாட்களில் பின் சீற் காலியாகப் போவதே பிழை மாதிரி இருந்தது.

இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருவது ஒரு எளிய கணக்கு. நாங்கள் ஓடும் 110, 125 சிசி மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 110 கிலோ இருக்கும். 55 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் வண்டியின் பாரத்தில் பாதி மேலதிகமாகப் பின்னுக்கு ஏறுகிறது. முன்சில்லு இலேசாகிறது. பிறேக் பிடித்தால் நிற்க நேரமெடுக்கும், பின்னால் இருப்பவர் உங்கட முதுகில் வந்து மோதுவார். அதனால் முன்னுக்குப் போகிற பஸ்ஸோடு தனியாகப் போகும்போது விடுவதைவிடக் கூட இடம் விடவேண்டும். பிறேக்கையும் மெல்ல மெல்ல இறுக்கவேண்டும். பின் ரயருக்குத் தனியாக ஓடும்போது ஒரு காற்று, ஆள் ஏற்றும்போது ஒரு காற்று. செயின் கவரில் அல்லது கையேட்டில் இரண்டும் அச்சடித்திருக்கும். பின் சொக்கிலும் இறுக்கம் கூட்டும் படிகள் இருக்கும், பலர் அதை ஒருநாளும் தொட்டிருக்கமாட்டார்கள்.

ஆள் ஏறுவதும் பழகவேண்டிய விசயம். இரண்டு காலும் நிலத்தில் ஊன்றி, முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு "ஏறு" என்று சொன்ன பிறகுதான் அவர் ஏறவேண்டும், அதுவும் இடப்பக்கத்தால். வலப்பக்கம் சைலன்சர், கணுக்கால் சுடும். வளைவில் அவர் உங்களோடு சேர்ந்து சரியவேண்டும். பயத்தில் மற்றப்பக்கம் சரிந்தால் வண்டி நீங்கள் நினைத்த கோட்டில் போகாது. சிக்னலில் நிற்கும்போதும் அவருடைய கால் பெடலிலேயே இருக்கட்டும். இதையெல்லாம் ஏற முதலே சொல்லவேண்டும், ஓடிக்கொண்டு திரும்பிச் சொல்ல ஏலாது. பிரித்தானியாவில் இன்றைக்கும் பழகுநர் உத்தரவுப் பத்திரத்தோடு ஓடுபவர் பின்னால் ஆளை ஏற்றக்கூடாது. எங்கட ஊரில் பழகும்போதே பின்னால் ஒரு ஆள் இருந்து "கிளச்சை விடு, விடு" என்று கத்துவார்.

சாறியோடு ஏறும் அம்மாமார் ஒருபக்கம்தான் இருப்பினம். 1930 சட்டம் வேண்டாம் என்று சொன்ன அதே இருப்பு. இரண்டு காலும் இடப்பக்கம், பாரமும் இடப்பக்கம் இழுக்கும். இப்ப ஸ்கூட்டியில் முன்னுக்கு மகள், பின்னுக்கு அம்மா என்று போவதைத் தெருவுக்குத் தெரு காணலாம். பழைய கதைகளில் எப்போதும் பின்னால் இருந்த ஆள் முன் சீற்றுக்கு வந்துவிட்டா, பின் சீற்றில் இன்னும் பழைய சாறி. அந்த அம்மாவின் கையில் இருக்கும் ஹெல்மெற் பெரும்பாலும் வீட்டில் கிடந்த பழையது, பட்டி அறுந்தது, தலைக்குப் பெரிது. புது ஹெல்மெற் மகளுக்கு. வாங்கும்போது கடைக்கு இரண்டு தலையையும் கூட்டிக்கொண்டு போகலாம், அளவு பார்த்து எடுக்க ஐந்து நிமிசம் காணும்.