கேதார்நாத் அளவுக்கு ஏற்றம், நம்ம பக்கத்திலேயே! வெள்ளகவி பாதையில் குழுவா ஏறப் போறீங்களா? முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க

சனிக்கிழமை விடியற்காலை வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். முதுகில் பெரிய பையோடு இறங்கும் இளைஞர்களில் பெரும்பாலானோர் கொடைக்கானல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். சிலர் மட்டும் பெரியகுளம் பஸ் எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் கொடைக்கானலுக்கு நடந்தே ஏற வந்தவர்கள்.

இமயமலை ட்ரெக்கிங் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "முதல்ல பக்கத்துல ஒண்ணு ஏறிப் பார்ப்போம்" என்று கிளம்புபவர்கள் அதிகமாகி வருகிறார்கள். ஆனால் பழனி மலைத்தொடரை சின்ன மலை என்று நினைத்து வந்தால் சிக்கல்தான். ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

எங்கே இருக்கு இந்தப் பாதை?

வத்தலக்குண்டில் இருந்து தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம். அங்கிருந்து கும்பக்கரை அருவி. அருவிக்கு மேலே தொடங்கும் கல் பாதை வெள்ளகவி கிராமத்தைத் தொட்டு, டால்பின் நோஸ் பாறை வழியாக வட்டக்கானலில் போய் முடியும். அதைத் தாண்டினால் கொடைக்கானல்.

கும்பக்கரை கடல் மட்டத்தில் இருந்து 500 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அதாவது 1,500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கேதார்நாத் யாத்திரை தொடங்கும் கௌரிகுண்ட் சுமார் 1,980 மீட்டர், கோயில் சுமார் 3,580 மீட்டர். அங்கேயும் ஏற்றம் 1,600 மீட்டர்தான். கால்களுக்கு ரெண்டு பாதையும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் கொடுக்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. இமயத்தில் 2,500 மீட்டரைத் தாண்டும்போது ஆக்சிஜன் குறைவால் தலைவலி, வாந்தி என உயர நோய் வரலாம். கொடைக்கானல் அந்த உயரத்துக்குப் போகவில்லை. இங்கே ஆபத்து வேறு வடிவத்தில் வரும். அடிவாரத்து வெயில், திடீர் மழை, கோடையில் காட்டுத்தீ.

பஸ் இருக்கும்போது எதுக்கு நடை?

ஒரு காலத்தில் நடையைத் தவிர வேறு வழியே கிடையாது. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மலைக்குச் சாலை இல்லை. பிறகு ரயில் வந்ததும், பயணிகள் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைரோட்டில் இறங்கி, மாட்டு வண்டியில் வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம் பக்கம் உள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்குப் போவார்கள். அங்கிருந்து செண்பகனூர் வரை மலைத்தடம். வசதி உள்ளவர்கள் குதிரையிலும், கூலியாட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியிலும் ஏறினார்கள். அதனால்தான் அந்தத் தடத்துக்கு 'கூலி காட்' என்று பெயர் வந்தது. வத்தலக்குண்டில் இருந்து போகும் மலைச்சாலை 1914-ல் தான் கொடைக்கானலைத் தொட்டது.

சாலை வந்ததும் நடை நின்றுவிட்டதா? வெள்ளகவி மக்களுக்கு நிற்கவில்லை. கொடைக்கானல் நகரத்தைவிடப் பழமையான ஊர் என்று சொல்லப்படும் வெள்ளகவி, தலைமுறை தலைமுறையாகச் சாலை கேட்டு வந்த கிராமம். காபி, மிளகு, ஆரஞ்சு எல்லாம் குதிரை முதுகில்தான் கீழே இறங்கின. அரிசி, பருப்பு அதே குதிரையில் மேலே ஏறின. உடம்பு சரியில்லை என்றால் நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நாம் ஒருநாள் சாகசமாக ஏறும் பாதை அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியாக இருந்தது.

ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. கோயில்களும் வீடுகளும் கலந்து இருப்பதால் ஊர் முழுவதையும் சாமி இடமாகவே பார்க்கிறார்கள். வெளியூர்க்காரர்களும் எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குரங்கணியில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் பற்றிப் பேசும்போது 2018 மார்ச் 11-ஐத் தாண்டிப் போக முடியாது. தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலையில், கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த சென்னை மற்றும் ஈரோடு, திருப்பூர் பகுதிக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. காய்ந்த புல், பலத்த காற்று. பதற்றத்தில் சிதறி ஓடியவர்கள் பாறைப் பள்ளங்களில் விழுந்தார்கள். உள்ளூர் மக்கள், வனத்துறையினர், விமானப்படை ஹெலிகாப்டர்கள் என எல்லோரும் மீட்புக்கு வந்தும் 23 உயிர்கள் போய்விட்டன.

அப்போது எழுந்த முக்கியமான கேள்வி, அந்தப் பாதைக்கு அனுமதி இருந்ததா என்பது. அரசு அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடத்தியது. அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் வந்தன.

இப்போ விதி என்ன சொல்லுது?

• பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

• வனத்துறை அனுமதியும், பயிற்சி பெற்ற வழிகாட்டியும் கட்டாயம்.

• காட்டுத்தீ காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பொதுவாக மலையேற்றம் நிறுத்தி வைக்கப்படும். வறட்சி அதிகமானால் இது நீளலாம்.

• 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையதளத்தில் பதிவு செய்யலாம். மலைக்கிராம, பழங்குடி இளைஞர்கள்தான் வழிகாட்டிகள்.

• 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

நீங்கள் போக நினைக்கும் பாதை அந்த நேரத்தில் பட்டியலில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வன அலுவலகத்தில் கேளுங்கள். கும்பக்கரை இருப்பது தேனி மாவட்டம் என்றாலும், அதைக் கவனிப்பது கொடைக்கானல் வனக்கோட்டத்தின் தேவதானப்பட்டி வனச்சரகம். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

"எங்களுக்கு வழி தெரியும்ங்க, அனுமதி எதுக்கு?"

பலரும் கேட்கும் கேள்வி இது. அனுமதியை வெறும் கட்டண ரசீதாகப் பார்ப்பதுதான் தவறு. எத்தனை பேர், எந்தப் பாதை, எப்போது திரும்புவார்கள் என்ற மூன்று தகவலும் கீழே ஒருவரிடம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். செல்போன் சிக்னல் போய்விட்டால், உங்களைத் தேடி வருபவர்களுக்கு இருக்கும் ஒரே முகவரி அதுதான்.

2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் பகுதியில், கர்நாடகாவில் இருந்து சென்ற மலையேற்றக் குழு பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். வழிகாட்டிகளோடு போன குழுவுக்கே வானிலை மாறினால் இந்த நிலை. யாருக்கும் தெரியாமல் போகும் குழுவின் கதி என்னவாகும்?

ஏறும்போது எதையெல்லாம் மறக்கக் கூடாது?

சீக்கிரம் கிளம்புங்கள்: அடிவாரத்தில் காலை பத்து மணி வெயிலே சுருட்டிவிடும். வெளிச்சம் வந்ததும் நடையைத் தொடங்கினால் பாதி ஏற்றத்தை வெயிலுக்கு முன்பே முடிக்கலாம்.

தண்ணீர்: ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். வெறும் தண்ணீர் போதாது, ஓஆர்எஸ் பொட்டலமும் இருக்கட்டும்.

மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம்: அவரை முன்னால் விடுங்கள். பாதை தெரிந்த ஒருவர் கடைசியில் வரட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுங்கள்.

மழை வந்தால்: கும்பக்கரையில் நீர்வரத்து மேலே பெய்யும் மழையால் திடீரென ஏறும். கீழே வானம் தெளிவாக இருப்பதை நம்பி ஓடையைக் கடக்காதீர்கள்.

தீ தெரிந்தால்: மேல்நோக்கி ஓடாதீர்கள். தீ மேட்டில் ஏறும்போது முன்னால் இருக்கும் புல்லைச் சூடாக்கிக்கொண்டே போவதால், அதன் வேகம் மனிதனைவிட அதிகம். பள்ளத்துக்குள்ளும் இறங்க வேண்டாம், அது புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைப் பரப்புக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்துக்கோ போங்கள். புகை வாசம் வந்தவுடனே திரும்புவதுதான் இன்னும் நல்லது.

கேம்ப் ஃபயர் கூடவே கூடாது: ஒரு பீடித் துண்டு போதும், ஒரு மலைச்சரிவே போய்விடும்.

மலையேற்றம் என்பது உச்சியைத் தொடுவதோடு முடிவதில்லை. கிளம்பியபோது எண்ணிய அதே தலைகள் திரும்பி வரும்போதும் இருக்க வேண்டும். பாதி வழியில் திரும்பினால் வெட்கம் ஒன்றும் இல்லை. வெள்ளகவி எங்கேயும் போய்விடாது, அடுத்த மாதமும் ஏறலாம்.